நாக்கால் தேர்ந்தெடுத்த ஆயில் சீல்

கண்ணுசாமியின் காருக்கு அடக்கம் என்பதே கிடையாது. நின்ற இடத்திலெல்லாம் கறுப்பாக ஒரு குட்டை விட்டுவைக்கும். கொடைக்கானல் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குக் கப்பலேறும் அவசரத்தில் விற்றுவிட்டுப் போன வண்டி அது. அந்த அவசரத்துக்கு நாடு விடுதலையானதுதான் காரணம் என்று கண்ணுசாமி ஆறு வருஷமாக நம்பியிருந்தார். இப்போது யோசித்தால், ஆயில்தான் காரணம் என்று படுகிறது.

பங்குனி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, அவர் மனைவி பழனியம்மாள் வாசலில் இழை இழையாகக் கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தாள். கண்ணுசாமி வண்டியைக் கிளப்பிப் பார்க்கிறேன் என்று கிளப்பி, ஒரு முழம் முன்னால் நகர்த்தினார். கோலத்தின் நட்டநடுவில் பொத்துப் பொத்தென்று ஆயில் விழுந்தது. அவள் கத்தினாள். கண்ணுசாமி பதறிப்போய்க் கொடியில் கிடந்த துணியை உருவி, முதலில் காரின் என்ஜினைத் துடைத்தார். துடைத்த துணி, அவளுக்குத் தாய்வீட்டில் எடுத்துக்கொடுத்த சின்னாளபட்டிச் சேலை. திண்டுக்கல் மெயின் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற மனுஷனுக்குச் சேலை அடையாளம் தெரியாமல் போயிற்று.

பழனியம்மாள் அதற்குப் பிறகு கத்தவில்லை. டிரங்குப் பெட்டியோடு பழனி பஸ்ஸில் ஏறி நெய்க்காரப்பட்டித் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. கார்டு என்பதால் தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

'வண்டி எங்கள் வாசலில் அரைமணி நேரம் ஒரு சொட்டுகூட விடாமல் நின்றால் ஏறி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன். திங்கட்கிழமை அண்ணன் மாட்டுவண்டியோடு வந்து என் பண்டபாத்திரங்களை எடுத்துக்கொள்வார்.'

"பாத்துச் செய்யுங்க மொதலாளி" என்றார் தபால்காரர்.

பழனி ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருந்த சூசைராஜ், காருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, கண்ணுசாமியின் உள்ளங்கையில் ஒன்றை வைத்தான். ஊறி, நைந்து, நாறிக்கொண்டிருந்த ஒரு வளையம். செத்த அட்டைப்பூச்சியைச் சுருட்டி வைத்தாற்போல் இருந்தது. கண்ணுசாமிக்கு முதுகுத்தண்டு வரை கூசியது.

"இதுதான் ஆயில் சீலு. என்ஜினுக்கு முன்னால புல்லிச் சக்கரம் சுத்துதுல்ல, அதுக்குப் பின்னாடி இரும்புத் தண்டக் கவ்விக்கிட்டு ஆயிலை வெளிய விடாம நிக்கணும். இது அம்புட்டுதான், செத்துப்போச்சு."

"புதுசு போடு."

"முன்னமே மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டுட்டேன். சீமையிலயே இது வாறதில்லையாம். தோலுலதான் வெட்டிப் போடணும்."

"தோலா?"

கண்ணுசாமி பரம்பரைச் சைவம். முட்டை விற்கிற கடைப் பக்கம் நிழல்கூடப் படாமல் நடக்கிறவர். ஆகவே அன்று அவர் ஒரு மேதாவித்தனம் செய்தார். தோல் வேண்டாம், சைக்கிள் டியூபு ரப்பரில் வெட்டிப் போடு என்றார். சூசைராஜ் தலையைச் சொறிந்தான். மொதலாளி சொல்கிறாரே என்று போட்டான். காரை வத்தலக்குண்டு வரை ஓட்டிப் பார்த்துத் திரும்புவதற்குள் ரப்பர் ஆயிலைக் குடித்து, மோரில் ஊறிய வடைபோல உப்பி, கொழகொழத்துப் பிதுங்கி வெளியே வந்தது. முன்பு சொட்டிய வண்டி இப்போது ஒழுகியது.

"மொதலாளி, சைவம் உங்களுக்குத்தான். வண்டிக்கு இல்ல" என்றான் சூசைராஜ். "பேகம்பூர்ல முனீர் பாய் கிடங்குக்குப் போங்க. எருமைத் தோலு, ஆவாரம்பட்டையில பதம் போட்டது, நீங்களே பாத்து எடுத்துட்டு வாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள என் கையில இருக்கணும். ராத்திரி பூரா ஆயில்ல ஊறுனாத்தான் காலைல மாட்ட முடியும். நாளைக்கு ஞாயித்துக்கெழமை, ஞாபகம் இருக்குல்ல?"

அது ஞாபகம் இல்லாமலா? ஒரு வாரமாகத் தானே வைத்துத் தானே தின்ற ரசத்தை நினைத்தாலே ஞாபகம் வந்துவிடும்.

சனிக்கிழமை மூன்று மணி வெயில். தோல் கிடங்குக்கு இரண்டு தெரு தள்ளியே நாற்றம் எதிர்கொண்டு அழைத்தது. கண்ணுசாமி மேல்துண்டால் மூக்கைக் கட்டினார். துண்டு நாறியது. வாயால் மூச்சுவிட்டார். அது இன்னும் மோசம். நாற்றத்தை மென்று முழுங்குகிற மாதிரி இருந்தது. உள்ளே சுண்ணாம்புக் குழிகளில் வெளிறிப்போன தோல்கள் மிதந்தன. சுரண்டிப் போட்ட ரோமமும் கொழுப்பும் ஓர் ஓரத்தில் குவிந்து, அதன்மேல் ஈக்கள் சந்தை கூட்டியிருந்தன. வழுக்கும் தரையில் வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, குளத்தில் இறங்கிய கொக்குபோல் ஒவ்வொரு காலாக எடுத்துவைத்தார்.

முனீர் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். நோன்பு மாதம், உதடு காய்ந்திருந்தாலும் முகத்தில் சிரிப்புக் குறையவில்லை.

"வாங்கண்ணே, சூசை சொல்லி விட்டுருந்தான். ஏன் இப்படி மூஞ்சியக் கட்டிக்கிட்டு? கொள்ளையடிக்க வந்தவுக மாதிரி இருக்கீக."

"எனக்கு இந்தத் தோலு சமாச்சாரமே ஆகாது பாய்."

"கால்ல என்ன மாட்டியிருக்கீக?"

கண்ணுசாமி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"வண்டியில சீட்டு எதுல தச்சது?"

கண்ணுசாமி மனசுக்குள் கணக்குப் பார்த்தார். ஆறு வருஷமாகத் தோலின்மேல் உட்கார்ந்து, தோலின்மேல் நடந்து சைவம் காத்திருக்கிறார்.

முனீர் பாய் மூன்று துண்டுகளைப் பலகையில் போட்டார். மூன்றும் பழுப்பு, மூன்றும் ஒரே கனம். "மூணும் எருமை, மூணும் முதுகுத் தோலு. வயித்துத் தோலு இழுபட்டுப் போகும், அத எடுக்கக் கூடாது. ஆனா மூணும் வேற வேற குழியில வந்தது. ஒண்ணுல உப்புத் தங்கியிருக்கலாம். ஒண்ணு புளிச்சிருக்கலாம். ரெண்டுமே இரும்பத் தின்னுரும், தண்டு குழி விழுந்துரும். வெறும் துவர்ப்பா இருக்குறதுதான் நல்லாக் கழுவுன தோலு."

"எப்படிப் பாக்குறது?"

"நாக்குலதான்."

"நாக்குலயா?"

"நாங்க எல்லாரும் அப்படித்தாண்ணே பாப்போம். ஓரத்த நனைச்சு நாக்கு நுனியில வச்சா சொல்லிரும். இன்னைக்கி எனக்கு நோன்பு, வாயில வைக்க மாட்டேன். ஆளுகளும் அப்படித்தான். நோன்பு தொறந்த பெறகு ஏழு மணிக்கு வாங்க, நானே பாத்துத் தாரேன்."

ஏழு மணி ஆகாது. சூசைராஜ் சொன்ன கெடு ஐந்து. சுவர்க் கடிகாரத்தில் நாலடிக்கப் பத்து நிமிஷம். வெளியே போனால் வேறு கிடங்கு இருக்கிறது, அங்கேயும் நோன்புதான். மூன்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போகலாம். தண்டு குழிவிழுந்து மறுபடி சொட்டினால்?

"முழுங்க வேணாம்ல?"

"முழுங்குறதா? சே, துப்பிரணும்ணே!"

கண்ணுசாமி மூக்குக் கட்டை அவிழ்த்தார். குலதெய்வத்திடம் வாய்க்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு முதல் துண்டின் ஓரத்தில் நாக்கை வைத்தார். உப்பு. கூடவே என்னவோ ஒன்று. அதற்குப் பெயர் வைக்காமல் இருப்பதே நல்லது என்று துப்பினார். இரண்டாவது புளித்தது, நாலு நாள் கஞ்சித் தண்ணிபோல. அதையும் துப்பினார். கண்ணில் தண்ணீர் வழிய, மூன்றாவதை வைத்தார். பச்சைப் பாக்கும் மாம்பட்டையும் சேர்த்துக் கடித்ததுபோல நாக்கு இழுத்துச் சுருங்கியது. வேறெதுவும் இல்லை.

"இது... இதுதான் பாய்" என்று வாய் குழறினார்.

முனீர் பாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, தானே ஊற்றினார். அவர் தொண்டை வறண்டிருக்கிற நேரத்தில் தான் அவர் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கிறோம் என்பது நாலாவது கொப்பளிப்பில்தான் கண்ணுசாமிக்கு உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் இன்னும் மூன்று தரம் கொப்பளித்தார்.

மறுநாள் காலை சூசைராஜ் பூசைக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியில் ஆயில் சீலை மாட்டினான். கண்ணுசாமி இட்லி வாங்கி வாயில் வைத்தார், துவர்த்தது. காப்பி துவர்த்தது. வெறும் வயிற்றோடு வண்டியைக் கிளப்பி, ஒட்டன்சத்திரத்தில் இறங்கிக் குனிந்து பார்த்தார். பழனியில் இறங்கிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

நெய்க்காரப்பட்டியில் பழனியம்மாள் வாசலுக்கு வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வெளுத்த வெள்ளைத் துணியை என்ஜினுக்கு அடியில் விரித்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய அண்ணன் ஆண்டிச்சாமி பாக்கெட் கடிகாரத்தோடு எதிரே நின்றார். தெருவே நின்றது. அரைமணி நேரம், பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர் மாதிரி கண்ணுசாமி நடந்தார்.

துணியை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். வெள்ளை.

"வண்டி சொட்டலீங்க" என்றாள், முதல்முறையாக அவர் பக்கம் திரும்பி. ஓரடி கிட்டே வந்தவள் படக்கென்று பின்வாங்கினாள். "ஏனுங்க, நீங்க எதுக்குங்க இப்படி நாறுறீங்க?"

மூன்று தரம் குளித்திருந்தார். பயனில்லை.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முடியவில்லை. "தோலு கிடங்குக்குப் போனேன். எருமைத் தோலு. மூணு துண்டு. நாக்கால நக்கிப் பாத்து எடுத்தேன்."

ஆண்டிச்சாமி கடிகாரத்தை மடியில் சொருகிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார், முதுகு குலுங்கியது.

"நீங்களா? ரசத்துல ஈ விழுந்ததுக்கு மூணு நாள் சாப்பிடாமக் கெடந்தவருங்களா?"

"நீ கார்டுல எழுதுனியே. ஒரு சொட்டுகூடன்னு." அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தார். "சேலைய நான் பாக்கல, பழனியம்மா. வண்டியத்தான் பாத்தேன். அது தப்பு."

அவள் உள்ளே போனாள். வரும்போது ஒரு கை முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தது; இன்னொரு கை ஒரு வெல்லக்கட்டியை முழுநீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"மொதல்ல இதை வாயில போடுங்க. கிட்ட வராதீங்க, அங்கயே நின்னு போடுங்க."

போட்டார். துவர்ப்பு மெல்லப் பின்வாங்கி, ஒரு நாளைக்குப் பிறகு வாய் அவருடைய வாயாயிற்று. அழுகை வந்தது, வெல்லத்தோடு சேர்த்து முழுங்கினார்.

டிரங்குப் பெட்டி முன்சீட்டில் அவர் பக்கத்தில் ஏறியது. பழனியம்மாள் பின்சீட்டின் கடைக்கோடியில் உட்கார்ந்து, நாலு கண்ணாடியையும் இறக்கச் சொன்னாள். திண்டுக்கல் வந்து சேரும்வரை முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.