திருப்பி மாட்டிய சக்கரம்

கோயமுத்தூரில் லோகப்பிரியாவின் கல்லூரியில், இயற்பியல் துறையில் ஆராய்ச்சி செய்தவர்கள் அவளையும் சேர்த்து இரண்டே பேர். இன்னொருவரான சென்னகேசவன் சார் மூன்று வருடம் முன்பு ரிடையர் ஆகி, மகனோடு மெல்போர்ன் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கல்லூரியில் அவளிடம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச ஆளில்லை. ஸ்டாஃப் ரூமில் பேச்செல்லாம் அட்மிஷன், விடைத்தாள், யார் மகளுக்கு எங்கே வரன் என்பதுதான். கெமிஸ்ட்ரி மயில்சாமி மட்டும் எதிரில் வந்தால், "என்ன மேடம், பாசிமணி எப்படி இருக்கு?" என்பார். பதிலுக்கு நிற்க மாட்டார்.

அவர் பாசிமணி என்றது கடுகு அளவுக் கண்ணாடி மணிகளை. மாடியில் கடைசி அறையில், ஒரு கண்ணாடி ஜாடி நிறைய இருந்தன. ஜாடிக்கு அடியில் அதிர வைக்கும் கருவி. அதை முடுக்கினால் மணிகள் உலையில் கொதிக்கிற அரிசி மாதிரி துள்ளும். நடுவில் ஒரு கம்பியில் தொங்கியது, நான்கு தகடு வைத்த சின்னச் சக்கரம். மணிகள் வந்து மோத மோத, அது வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று திரும்பிக்கொண்டே இருக்கும்.

தகட்டின் இரண்டு முகமும் ஒன்றுபோல் இருந்தால், வலமும் இடமும் பாதிப் பாதி வர வேண்டும். உலகம் முழுக்க அப்படித்தான் நம்புகிறார்கள். லோகப்பிரியாவின் சக்கரம் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று தடவை வலப்பக்கம் போனது.

இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினாள். மேசை சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். ஃபேனை நிறுத்தினாள். பேரிங்கை மாற்றினாள். ஐம்பத்து மூன்று அசையவில்லை. வெளியிலிருந்து சக்தி வந்துகொண்டே இருக்கிற, ஒருபோதும் அடங்காத கூட்டத்துக்கு நடுவில் வைத்தால், இரண்டு பக்கமும் சமமான பொருள்கூடத் தானாக ஒரு திசையைப் பிடித்துக்கொள்ளும் என்று கட்டுரை எழுதினாள். நல்ல பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியில் ஒரு கருத்தரங்குக்கும் கூப்பிட்டார்கள். அழைப்பு அனுப்பிய பேராசிரியர் கடைசி வரியில், 'உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காக அவள் அந்த மெயிலை அடிக்கடி திறந்தாள்.

அச்சுப் படியைத் திருத்தி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். வியாழக்கிழமை காலை அப்துல் கையூம் வந்தார்.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். சக்கரத்தைச் செய்து கொடுத்தவர் அவர்தான். கட்டுரையின் முடிவில் அவருக்கு நன்றி சொல்லியிருந்தாள். அதைப் போனில் சொன்னதும், தேய்த்த சட்டையோடு, தேங்காய் பன் பொட்டலத்தோடு நேரிலேயே வந்துவிட்டார்.

அச்சுப் படியில் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். போட்டோ எடுத்தார்.

"பொண்ணு அஃப்ஷீனுக்கு அனுப்பிப்போட்டனுங்க. நாப்பது வருசமா பம்புக்கு ஷாஃப்ட் கடையறேன். ஒருத்தனும் என் பேரைப் போட்டதில்லீங்க."

பிறகு ஜாடிப் பக்கம் குனிந்தார். "ஏனுங்க மேடம், இது என்னதானுங்க பண்ணுது?"

லோகப்பிரியா இருபது நிமிடம் பேசினாள். பேசி முடித்தபோது தொண்டை வறண்டிருந்தது. அவர் கண்ணை எடுக்காமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வலது பக்கமா இழுக்குதுங்க."

"ஆமாங்க."

"திருப்பி மாட்டிப் பாத்தீங்களா?"

"எதைங்க?"

"சக்கரத்தைத்தானுங்க. தலைகீழா. பட்டறையில ஒரு சாமான் ஒரு பக்கமா இழுத்துதுன்னா, முதல்ல கழட்டித் திருப்பி மாட்டுவோமுங்க. இழுப்பும் சேர்ந்து திரும்புச்சுன்னா கோளாறு சாமான்ல. திரும்பலீன்னா மிசின்ல."

அவள் திருப்பி மாட்டியதே இல்லை. சக்கரம் கம்பியில் ஒட்டியிருந்தது. நேராக நிறுத்தவே மூன்று வாரம் ஆனதால், அதற்கப்புறம் அதைத் தொடப் பயம். சென்னகேசவன் சார் இருந்திருந்தால் முதல் நாளே, டீ ஆறுவதற்குள், இதைக் கேட்டிருப்பார். இந்த இரண்டு வருடத்தில் கேட்க யாரும் இல்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"கழட்டட்டுங்களா? நான் செஞ்சதுல கோளாறு இருக்காதுங்க, பயப்படாதீங்க."

பத்து நிமிடத்தில் திருப்பி மாட்டிவிட்டார். ஒரு கண்ணை மூடி, தூக்குக்குண்டு பார்க்கிற மாதிரிப் பார்த்து, "நேரா நிக்குதுங்க" என்றார்.

"எனக்கு மூணு வாரம் ஆச்சுங்க."

"மூணு வாரமுங்களா? படிச்சவங்க நிதானமாத்தான் செய்வாங்க போல."

எண்ணி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றாள். "தொழுதுபோட்டு வாரேனுங்க" என்று போனவர், சொன்னபடி திரும்பி வந்தபோது ஜாடிக்கு மேலிருந்த கேமரா ஏழாயிரம் திருப்பத்துக்கு மேல் எண்ணியிருந்தது. நூற்றுக்கு, வலது நாற்பத்து ஏழு. இடது ஐம்பத்து மூன்று.

இழுப்பும் சேர்ந்து திரும்பியிருந்தது.

கையூம் எண்ணைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். சக்கரத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தகட்டின் இரு முகத்தையும் நகத்தால் தடவினார். நான்கு தகட்டையும் தடவி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமா வழுக்குதுங்க. பஃப்பிங் போட்டு மெருகு ஏத்துனது நான்தானுங்க. ரெண்டு பக்கமும் போட்டேன். பாக்கற பக்கம் மட்டும் ஒரு கை சேத்திப் போட்டேன்."

"ஏனுங்க?"

"பழக்கமுங்க. காலேஜுக்குப் போற சாமான், பளிச்சுன்னு இருக்கட்டும்னு."

கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு கைப் பளபளப்புதான் அவளுடைய மூன்று சதவீதம்.

"மேடம், யாருக்கும் தெரியப்போறதில்லைங்களே."

லோகப்பிரியா மெயிலைத் திறந்தாள். 'உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது.' அந்த மனிதர் கேட்கப்போகும் முதல் கேள்வி எது என்று இப்போது தெரிந்தது. பத்திரிகைக்கு நாலு வரியில், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினாள். அது சுலபமாக வந்தது. ஜெர்மனிக்கு எழுதத்தான் அரை மணி நேரம் பிடித்தது.

கையூம் அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப என் பேரு வராதுங்களா?"

"வராதுங்க."

"போட்டோவை அழிச்சுப்போடறனுங்க, பொண்ணு பாக்கறதுக்குள்ள." போனை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "பாத்துட்டா. ஹார்ட் வேற போட்டிருக்கா." போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "திங்கக்கெழமை வேற ஒண்ணு செஞ்சு தாரேனுங்க. பஃப்பிங் போடாம."

புதுச் சக்கரம் திங்கட்கிழமை வந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஓடியது. வலது ஐம்பது. இடது ஐம்பது. உலகம் நம்பியது சரிதான்.

ஜெர்மனியிலிருந்து ஒரு வரி வந்திருந்தது: 'தெரிவித்ததற்கு நன்றி.' கேட்க நிறைய இருந்தவருக்கு இப்போது ஒன்றும் இல்லை போல. தாழ்வாரத்தில் மயில்சாமி எதிரில் வந்தார். "என்ன மேடம், பாசிமணி எப்படி இருக்கு?" அவள் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். மணிகள் துள்ளிக்கொண்டிருந்தன. போனை எடுத்துக் கையூமைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் லேத் இரைந்தது.

"ரெண்டு பக்கமும் சமமாச் சுத்துதுங்க" என்றாள், கொஞ்சம் சத்தமாக.

"அது நல்லதுங்களா, கெட்டதுங்களா?" என்று கேட்டார் கையூம்.

கேட்டுவிட்டு, பதில் காதில் விழ வேண்டும் என்று லேத்தை நிறுத்தினார்.