கண்ணாடியில் நின்ற மாமியார்

ஜாரெட்டுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கத்திக்கொண்டே லவோன் என் அறைக்குள் வந்தாள்.

"உன் செல்லப்பிள்ளைக்கு என்ன கேடு மர்னா? என்னைக் கண்டதும் டிரெய்லருக்குப் பின்னால போய் ஒளியறான். பேர் சொல்லிக் கூப்பிட்டா குல்லாவ மூஞ்சிமேல இழுத்து விட்டுக்கறான். குடிச்சிருக்கானா?"

அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்களுக்கு ஒதுக்கிய ரிசர்வேஷன் நிலத்தில் உள்ள கல்லூரியில் லாரி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் லவோன். கூடுதல் சம்பளம் காட்டி எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் மற்ற வாத்தியார்களை இழுத்துக்கொண்டு போன பிறகு அவள் ஒருத்திதான் மிச்சம். எனக்கு மாணவர் உதவி என்று ஒரு வேலை. வராதவனை வீட்டுக்கே போய் எழுப்ப வேண்டும், வண்டி நின்றுபோனவளுக்கு வண்டி தேட வேண்டும், எவளாவது கைக்குழந்தையோடு வகுப்புக்கு வந்தால் அதை மடியில் வைத்துக்கொண்டே வேலை பார்க்க வேண்டும்.

மறுநாள் அவளுடைய மாணவர்களுக்கு லாரி லைசென்ஸ் தேர்வு, ஜாரெட்டுக்கும்தான். தேர்வாளர் டவுனிலிருந்து வருகிறார். இதை விட்டால் பனி உருகின பிறகுதான் திரும்ப வருவார். தேறினால் ஜாரெட்டுக்கு எங்கள் சாலைத்துறையில் பனி தள்ளும் லாரி காத்திருக்கிறது. தேறாவிட்டால் அது வேறு எவனுக்காவது போய்விடும். இதெல்லாம் தெரிந்தும் ஒளிந்து விளையாடுகிறானா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முற்றத்துக்குப் போய் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"வாயத் திறடா."

"திட்டாதீங்க அக்கா. போன வெள்ளிக்கிழமை டவுன் கோர்ட்ல நானும் ஷானிஸும் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்."

ஷானிஸ் லவோனுடைய ஒரே மகள்.

"அடப்பாவி! அவ அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஷானிஸ் பயந்துகிட்டு இன்னும் சொல்லல. நீங்கதான் சொல்லணும். நான் எப்படி அவங்ககிட்டப் பேசறது?"

அதுவும் சரிதான். எங்கள் சனத்தில் கல்யாணம் ஆன நிமிஷத்திலிருந்து மருமகன் மாமியாரிடம் பேசமாட்டான், அவள் முகத்தைப் பார்க்கமாட்டான், அவளும் அப்படித்தான். பகை இல்லை, மரியாதை. இந்தக் காலத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் இதையெல்லாம் விட்டாயிற்று. ஜாரெட்டை வளர்த்தவர்கள் விடவில்லை. லவோனும் விடவில்லை.

அவளிடம் போய்ச் சொன்னேன். கூரையே பறக்கும் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள், வெளியே முற்றத்தில் ஜாரெட். முதல் காரியமாக ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கழுத்துத் துணியை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அந்தக் கழுதை." "இவனைத் திட்டக்கூட முடியாதே இனிமே எனக்கு!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. இவள் பேசாமல் அவன் எப்படி லாரி பழகுவான்?

வழியும் அவளே சொன்னாள். நான் வாக்கி டாக்கியோடு அவன் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். அவள் வெளியே நின்று என்னிடம் சொல்வாள், நான் அவனிடம் சொல்வேன். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

சாயங்காலம் முற்றம் முழுக்கப் பாளம் பாளமாக உறைபனி. டிரெய்லரோடு லாரியைப் பின்னால் எடுத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும். லவோன் இடது பக்கம், பின் சக்கரத்தை ஒட்டி நின்றாள்.

"மெதுவா வரச் சொல்லு," என்றது வாக்கி டாக்கி.

"மெதுவா வா," என்றேன்.

"இடது பக்கம் ஒடிக்கச் சொல்லு."

"இடது பக்கம் ஒடி."

கிளிப்பிள்ளை வேலை. ஜாரெட் ஓட்டினான். கண்ணை முன்னால் இருந்த மீட்டர்களிலேயே வைத்திருந்தான். வாக்கி டாக்கியில் கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. எனக்கு என்னவோ போல இருந்தது. அவனைத் தாண்டி எட்டி, அவன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன்.

பனியில் வழுக்கி விழுந்து லவோன் மல்லாந்து கிடந்தாள். சக்கரம் அவளை நோக்கி உருண்டுகொண்டிருந்தது.

"நிறுத்துடா! நிறுத்து!"

அவன் பிரேக்கை மிதித்தான். நான் குதித்து ஓடினேன். டயர் அவள் கோட்டின் ஓரத்தின் மேல் ஏறி நின்றிருந்தது. கோட்டு மட்டும்தான். இன்னும் ஒரு சாண் வந்திருந்தால் இடுப்பு. அவள் வாய் ஓயாமல் "மர்னா, மர்னா" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கடவுளே, சாகப்போகிற நேரத்திலும் ஓட்டுகிறவனைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்!

கோட்டிலிருந்து அவளை உருவி எடுத்தேன். குளிரில் வெடவெடத்தாள். அந்த நிலையிலும் கழுத்துத் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள், ஜாரெட் இறங்கி வந்துவிட்டானாம். அவன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் பின்பக்கமாக என்னிடம் நீட்டினான். நான் அதை அவள் தோளில் போர்த்தினேன்.

"கண்ணாடியப் பாக்கலியாடா நீ? கண்ணு எங்க போச்சு?" என்று கத்தினேன்.

"கண்ணாடில அவங்க நின்னாங்க அக்கா," என்றான். "அதான் பாக்கல."

பேச்சுக்குத்தான் வழி பண்ணினோம். கண்ணாடியில் தெரிவதும் முகம்தான் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

லவோன் என் தோளைப் பிடித்து எழுந்தாள். குரல் கல்லாக இருந்தது.

"சொல்லு மர்னா. கண்ணாடியப் பாக்காதவனை நான் தேர்வுக்கு அனுப்ப மாட்டேன். நாளைக்கு வர வேண்டாம்."

நான் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவன் ஜாக்கெட்டைக்கூடக் கேட்காமல் நடந்து போனான். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையாக வந்தது.

காலையில் தேர்வாளருக்குக் காபி போட்டு வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன். லவோன் லாரிப் பக்கம் நொண்டிக்கொண்டிருந்தாள். மற்ற மாணவர்கள் எல்லாரும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பிப் பார்த்தேன்.

ஜாரெட் ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவனுடைய சாம்பல் குதிரை. ரோடியோ என்கிற மாடு பிடிப் பந்தயத்தில் கயிறு வீசி அவன் ஜெயித்ததெல்லாம் இதன் முதுகில்தான். அதைத் தவிர அவனுக்கென்று ஒன்றும் கிடையாது.

எல்லார் முன்னாலும் மருமகன் மாமியாருக்குக் குதிரை கொடுத்தால், பேசக்கூடாது, பார்க்கக்கூடாது என்ற அந்தத் தடை நீங்கும். தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் யார் கொடுக்கிறார்கள்? இப்போதெல்லாம் ஒரு போர்வை, ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான். நிஜக் குதிரையை, அதுவும் இந்தக் குதிரையை!

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கயிற்றை என்னிடம் நீட்டினான். கண் வீங்கியிருந்தது.

"ஷானிஸோட அம்மாவுக்கு, அக்கா. எல்லாரும் பாக்கக் குடுக்கறேன். நான் கண்ணாடியப் பாக்கணும்."

வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ? கொண்டுபோய்க் கொடுத்தேன். லவோன் கயிற்றை வாங்கினாள். குதிரையின் மூக்கைத் தடவினாள், வெகுநேரம் தடவினாள். அப்புறம் முகத்திலிருந்த துணியை இறக்கிவிட்டு நேராகத் திரும்பினாள்.

"ஜாரெட்."

அவன் தலையை நிமிர்த்தினான்.

"திருட்டுப் பயலே! என் பொண்ண கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனியே, எனக்கு ஒரு வாய்ச் சோறு உண்டா? ஒரு சேதி உண்டா? என் கோட்டையும் கிழிச்சே. இடது கண்ணாடிய முதல்ல பாருன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? தலையில என்னடா இருக்கு, பனியா?"

நிறுத்தவே இல்லை. தேர்வாளர் காபிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றார், அதற்கும் அவள் நிறுத்தவில்லை. ஒரு ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டினாள். ஜாரெட் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தாமல், அவள் முகத்தையே பார்த்து நின்றான். அவன் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

கடைசியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் ஜாக்கெட்டைத் தன் தோளிலிருந்து எடுத்து அவன் மேல் எறிந்தாள்.

"போட்டுக்க. குளிருது. தேர்வுக்கு முன்னால ஒரு தடவை பின்னால எடுத்துப் பாரு, ஏறு வண்டில."

அவன் ஏறினான். அவள் குதிரைக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, இடது பக்கம், கண்ணாடியில் தெரிகிற மாதிரி போய் நின்றாள். லாரி பின்னால் நகர்ந்தது. அவன் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தான்.