கீத்துக்குப் பூசை இல்லை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. முன்பு எங்கள் தெருவில் குடியிருந்த ட்ரேசி, ஈப்போ கோப்பிக் கடையில் என் தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

"அண்ணே, நீங்க கதை எழுதுறவங்கதானே. அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு எழுதிக் கொடுங்கலா. அதைப் பார்த்துப் பேசிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டுமாம்.

2

(முதல் தொடக்கம்: 'ஸ்டெம் செல் என்பது எதுவாகவும் மாறக்கூடிய…' அடித்துவிட்டேன். பாடப்புத்தக வாடை.)

ட்ரேசி கோலாலம்பூரில் முனைவர் பட்ட மாணவி. தம்பி கீத்துக்குப் பிறவியிலேயே தலை சிறியது, பேச்சு வரவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்புக்கே போனாள். அவன் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் உண்டாக்கி, அதிலிருந்து மூளைத் திசு உருண்டைகளை* வளர்த்தாள். போன வருடம் காய்ச்சலில் கீத் இறந்துபோனான். ஆய்வகத்தில் உருண்டைகள் வளர்ந்துகொண்டிருந்தன.

* மூளை என்றே எழுதிவிடக் கூடாது என்பது அவள் நிபந்தனை. பயறளவுதான், நினைவெல்லாம் கிடையாது. அம்மா பெட்ரீசியாவிடமும் விளக்கியிருக்கிறாள். அம்மா தலையாட்டினாராம்.

3

தலையாட்டிய அம்மா கீத்தின் முப்பதாம் நாள் நினைவுப் பூசைக்குப் பெயர் கொடுக்கவில்லை. அவர்கள் இப்போது இருக்கும், கோப்பெங் பக்கம் ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்த தோட்டத்தின் சின்ன மாதா கோயிலில், இறந்தவர்களுக்கான செபத்தில் அவன் பெயரை வாசிக்கவும் விடவில்லை. கேட்டவர்களிடம், "உசுரோட வளர்றவனுக்கு எப்படிலா பூசை வைக்கிறது?" என்றார்.

போன வாரம் உருண்டைகளில் பூஞ்சை பிடித்தது. உறையவைத்திருந்த மிச்சச் செல்களும் பிழைக்கவில்லை. எல்லாவற்றிலும் ட்ரேசிதான் பிளீச் ஊற்றினாள். அதுதான் விதிமுறை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

4

முடிவு ஒன்று: வேறு யாருடைய உருண்டையையோ படமெடுத்து அம்மாவிடம் காட்டுகிறாள்.

இதை ட்ரேசிக்கு அனுப்பினேன். "வேணாண்ணே. அந்தப் படத்துக்கு அம்மா முத்தம் கொடுப்பாங்க" என்று பதில் வந்தது.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். பூசை நடக்கிறது. சாமியார் கீத்தின் பெயரை வாசிக்கும்போது அம்மா மகளைத் திரும்பி

இதற்குமேல் கை ஓடவில்லை. முதல் தடவை பழி போடக் காய்ச்சல் இருந்தது. இப்போது மகள் இருக்கிறாள்.

5

ஞாயிறு வந்துவிட்டது. இத்தனை வருடம் எழுதியும் ஒரு பெண்ணுக்கு நாலு வரி எழுதித்தர வக்கில்லை எனக்கு.

போன் அடித்தது. "அண்ணே, வீட்டுக்கு வந்துட்டேன். எழுதிட்டீங்களா?"

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "யாரு பாப்பா, லேப்புல இருந்தா? தம்பி எப்படி இருக்கான்னு கேளு."

இதைப் படிக்கிற உங்களிடம் போனைத் தருகிறேன். ட்ரேசி காத்துக்கொண்டிருக்கிறாள்.