எண்ணிக்கையில் வராத வாத்துகள்

"இருபதாயிரம்னு போட்டா உனுக்கு இன்னா பாப்பா கொறஞ்சிடப் போவுது? உன் பேனா, உன் பேப்பரு."

"பேப்பர் என்னுதுதான் ஐயா. பறவைங்க என்னுது இல்லியே."

"நாங்க இத்தினி பேரு இல்லியேன்னு அதுங்களா வந்து கேஸ் போடப் போவுது?"

"அதுங்க போடாது. அடுத்த வருஷம் எண்ண வர்றவங்க கேப்பாங்க. போன வருஷம் நாலாயிரம், இந்த வருஷம் இருபதாயிரம், மறு வருஷம் திரும்ப நாலாயிரம்னா, பதினாறாயிரம் பறவை எங்க செத்துச்சுன்னு தேடிக்கினு வருவாங்க. நீங்கதான் காட்டணும்."

பரசுராமன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு யோசித்தார். பதினாறாயிரம் பறவைகளின் பிணத்தை எந்த இடத்தில் காட்டுவது என்று அவருக்கும் பிடிபடவில்லை.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே கால். மாங்குப்பம் ஏரியின் மேல் பனி கிடந்தது. தொலைவில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் அந்தப் பனிக்குள் கழுத்தளவு இறங்கி, குளிரில் வெளியே வர மனமில்லாமல் நிற்பவர்களைப் போல நின்றன.

கரைக்குக் கீழே பரசுராமனின் மூன்று ஏக்கர் நஞ்சை. மதகைத் திறந்தால் முதல் தண்ணீர் அவருக்குத்தான். நான்கு மாதமாக ஊரில் ஒரே பேச்சு: தொழிற்பேட்டையை விரிவாக்கப் போகிறார்கள், வரைபடத்தில் ஏரியையும் சேர்த்துக் கோடு போட்டாகிவிட்டது என்று. அந்த வரைபடத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் கோடு எந்தப் பனைமரத்தை ஒட்டிப் போகிறது என்பது வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏரி போனால் மதகு போகும். மதகு போனால் மூன்று ஏக்கரும் வெறும் மண். இந்த நேரத்தில்தான் அவருடைய செல்பேசிக்கு யாரோ ஒரு செய்தி அனுப்பினார்கள்: இருபதாயிரம் நீர்ப்பறவை உள்ள ஏரியை எவனும் தொட முடியாது. அன்று முதல் பரசுராமன் பறவைகளை மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தார். நாற்றை மிதிக்கும் தாழைக்கோழியைக்கூட 'வாங்க' என்றுதான் சொன்னார்.

பூமிகா திருநின்றவூர்க்காரி. ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை. வருடத்தில் ஒரு ஞாயிறு மட்டும், சம்பளம் கிடையாது என்று தெரிந்தே, தொலைநோக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பறவை எண்ண வந்துவிடுவாள். முதல் நாள் மாலையே வந்து தோழி வீட்டில் தங்கியிருந்தாள். அவளுக்குத் துணை ஆசீர்வாதம். இந்த ஊர்க்காரர்தான், உருக்காலை ஒன்றில் கேட் செக்யூரிட்டி. ஷிப்ட் மாறும்போது எண்ணூறு பேர் ஒரே கேட்டில் பாய்ந்து வருவதைப் பன்னிரண்டு வருடமாக எண்ணியவர். கையில் அதே கிளிக்கர். கட்டைவிரலால் அமுக்கினால் ஓர் எண் ஏறும்.

பறவை எண்ணும் முறையைப் பூமிகா அவருக்குக் கற்றுக்கொடுக்கப் போனபோது அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பத்தும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதிய வைத்துக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டே போக வேண்டும். "இதத்தாம்மா நான் கேட்ல செய்றேன்" என்றார் ஆசீர்வாதம். "இதுங்க தேவலாம். ஒண்ணோட கார்டை இன்னொண்ணு காட்டிக்கினு போவாது."

இப்போது அவர் கிளிக்கரைப் பூஜ்யத்துக்குத் திருப்பியபடி சொன்னார்: "எங்கப்பா உங்க களத்துல நெல்லு மூட்ட எண்ணினாரு. ஒரு மூட்ட தப்பா சொன்னாருன்னு உங்கப்பா அவர வெயில்ல நிக்க வெச்சாரு. இப்ப நீங்க பதினாறாயிரம் தப்பா எழுதச் சொல்றீங்க."

"டேய், அது அந்தக் காலம்."

"அதான் சொல்றேன். இப்ப நீங்க நிக்கறீங்க. நல்ல வேள, வெயில் இல்ல."

பரசுராமன் அதைக் காதில் வாங்காதவர் போலப் பூமிகாவிடம் திரும்பினார். "சரி பாப்பா, பொய் எழுத மாட்ட. கண்ணால பாத்தத எழுதுவ இல்ல?"

"எழுதுவேன். ஏழு மணிக்கு ஆரம்பிச்சு எட்டு மணி வரைக்கும் தண்ணில இருக்கறத."

"ஏழுக்கு முன்னாடி பாத்தா?"

"எழுத மாட்டேன் ஐயா. இங்க, பக்கத்து ஏரி, அதுக்கும் அடுத்த ஏரி, எல்லாத்துலயும் ஒரே நேரத்துல எண்றாங்க. இல்லாட்டி இங்க நான் எண்ணின பறவையே பறந்துபோய் அங்க இன்னொருத்தர் கணக்குலயும் ஏறிடும். வருஷா வருஷம் அதே இடம், அதே நேரம். ஜுரம் பாக்கற மாதிரிதான். தெனம் ஒரே நேரத்துல பாத்தாத்தான் ஏறுதா எறங்குதான்னு தெரியும்."

"ஏழு மணி" என்று பரசுராமன் தலையாட்டிக்கொண்டார். செல்பேசியில் நேரம் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதி பூமிகாவுக்குப் பிடிக்கவில்லை.

பனி கொஞ்சம் விலகியது. ஏரியின் நடுத் திட்டில் வெள்ளையும் சாம்பலுமாக எதுவோ நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. முதலில் யாரோ துவைத்த போர்வைகளைக் குவித்து வைத்ததுபோல் தோன்றியது; பிறகு ஒரு போர்வை தலையைத் தூக்கி, பை தொங்கும் நீண்ட அலகைத் திறந்து கொட்டாவி விட்டது.

"கூழைக்கடா" என்றாள் பூமிகா மெதுவாக. "ஐயா, உங்களுக்கு இருபதாயிரம் வேணவே வேணாம்."

"இன்னா சொல்ற?"

"அது ஒரு வழி. இன்னொரு வழி இருக்குது. உலகத்துல இருக்கற ஒரு வகைப் பறவைல நூத்துல ஒரு பங்கு ஒரே ஏரிக்கு வருஷா வருஷம் வருதுன்னு காட்டினா, அந்த ஏரிய லேசுல ஒதுக்க முடியாது. இந்தக் கூழைக்கடா உலகத்துலயே கொஞ்சந்தான். போன வருஷம் இங்க இருநூத்திப் பன்னெண்டு. அதுக்கு முன் வருஷம் இருநூறுக்குக் கொஞ்சம் மேல. இது மூணாவது வருஷம். இன்னைக்கும் இருநூறு தாண்டிச்சுன்னா, நான் தைரியமா மேல எழுதி அனுப்பலாம்."

ஆசீர்வாதம் கண்ணைச் சுருக்கித் திட்டைப் பார்த்தார். உதடு அசைந்தது. "இருநூத்தி நாப்பதுக்குக் கொறையாது" என்றார். "கேன்டீன் வரிசை மாதிரி அசையாம கீதுங்க. அழகா எண்ணலாம்."

பரசுராமன் சால்வையை நழுவ விட்டார். குனிந்து எடுக்கவும் இல்லை.

"இத நேத்தே சொல்லக் கூடாதா?"

"நேத்து நீங்க கேக்கலியே. ஏன், இன்னா ஆச்சு?"

அவர் செல்பேசியைக் காதில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். "எடுடா நைனா, எடு, எடு" என்று கெஞ்சினார். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. ஆனால் அந்தச் செல்பேசியின் தெலுங்குப் பாட்டு மட்டும் கரைக்குக் கீழே எங்கேயோ கேட்டது. பாட்டு நெருங்கி வந்தது.

அதோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் வந்தது.

அறுவடை முடிந்ததும் நெல்லூர்ப் பக்கமிருந்து வாத்துக்காரர்கள் வருவார்கள். சிந்திய நெல்லை மேய விட்டு, வயலுக்கு வயல் ஓட்டிக்கொண்டு போவார்கள். அவர்களில் ஒருவர் சுப்பராயுடு. நீண்ட மூங்கில் கழியை இரு கையாலும் கிடையாகப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையில் பாடும் செல்பேசியோடு கரையின் மேல் தோன்றினார். அவருக்கு முன்னால், கரை முழுவதும், வாத்து. பழுப்பு வாத்து, வெள்ளை வாத்து, எல்லாம் ஒரே நேரத்தில் பேசும் வாத்து.

"தொள்ளாயிரம்" என்றார் சுப்பராயுடு பெருமையாக. "பறவைக் கணக்குல சேத்துக்கலாம்னு ஏழு மணிக்கு முன்னாடி எறக்கச் சொன்னாரு ஐயா. பத்து நிமிசம் முன்னாடியே வந்துட்டோம்."

"எறக்காத. ஓட்டு, திரும்ப ஓட்டு" என்றார் பரசுராமன்.

"தண்ணி பாத்த வாத்த நான் இன்னா, எங்கப்பன் வந்தாலும் திருப்ப முடியாது நைனா."

அது உண்மை என்பது அடுத்த கணமே தெரிந்தது. தொள்ளாயிரமும் சரிவில் உருண்டு, ஒன்றை ஒன்று ஏறி மிதித்து, பள்ளிக்கூடம் விட்டதுபோல ஏரிக்குள் விழுந்தன. நாமக்கோழிகள் நாணலுக்குள் ஓடின. நாரைகள் எழுந்து வேறு கரைக்குப் போயின. நடுத் திட்டில் கூழைக்கடாக்கள் தலையைத் திருப்பி இந்தக் கூட்டத்தைப் பார்த்தன. ரயிலில் இரண்டாம் வகுப்பில் வந்து ஏறிய கல்யாணக் கோஷ்டியைப் பார்க்கும் பெரியவர்களின் பார்வை அது. பிறகு ஒன்று எழுந்தது. தண்ணீரைக் காலால் நாலு முறை உதைத்து, கனமான உடம்பு எப்படியோ லேசாகி, பனிக்கு மேலே போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மொத்தத் திட்டும் எழுந்தது. வெள்ளைச் சிறகுகள் புகைபோக்கிகளுக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டன. பூமிகா தொலைநோக்கியைக்கூட எடுக்காமல் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பறவைகள் வரிசை கட்டி, வடக்கே, மரங்களுக்கு அப்பால் மறைந்தன.

"டைம் இன்னாம்மா?" என்றார் ஆசீர்வாதம்.

"ஆறு அம்பத்தாறு."

அவர் கிளிக்கர் மேலிருந்து கட்டைவிரலை எடுத்துக்கொண்டார்.

ஏழு மணிக்குத் தொழிற்பேட்டையில் சங்கு ஊதியது. பூமிகா எண்ணத் தொடங்கினாள். நாமக்கோழி அறுபது. நீர்க்காகம் பதினொன்று, சட்டையைக் காயப் போட்டதுபோல இறக்கையை விரித்துக்கொண்டு. கூழைக்கடா என்ற இடத்தில் பூஜ்யம் போட்டாள்.

"எங்களுது?" என்று எட்டிப் பார்த்தார் சுப்பராயுடு.

"வளக்கற வாத்த எண்றது இல்ல அண்ணா."

"ஏன், அதுக்கு ரெக்க இல்லியா?" அவருக்கு உண்மையாகவே மனம் நொந்தது. "சூளூர்ப்பேட்டைலேருந்து நடந்து வந்துக்கினு இருக்குது. சைபீரியாலேருந்து வந்தாதான் மரியாதையா?"

பூமிகாவின் செல்பேசி அடித்தது. அடுத்த ஏரியில் எண்ணிக்கொண்டிருந்த அன்புசெல்வன். அவன் குரல் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. "அக்கா, இங்க கூழைக்கடா வந்து எறங்குச்சுக்கா. இருநூத்தி நாப்பத்தொண்ணு. ரெண்டு தரம் எண்ணிட்டேன். இந்த ஏரிக்கு இதுவரைக்கும் ஒண்ணுகூட வந்தது இல்லியாம். ஊரே கரைக்கு வந்துடுச்சு, டீ போட்டுக் குடுக்கறாங்க."

"அது என் சகலை ஊரு" என்றார் பரசுராமன். ஏரியின் மேல் கோடு எதுவும் போடப்படாத ஊர் அது.

அவர் கரையில் உட்கார்ந்தார். தொள்ளாயிரம் வாத்துகள் அவருடைய ஏரியில் நிம்மதியாக மூழ்கி எழுந்தன. ஆசீர்வாதம் நழுவிக் கிடந்த சால்வையை எடுத்து, ஒரு தட்டுத் தட்டி, அவர் தோளில் போட்டார். அப்போது பரசுராமன் பூமிகாவின் தாளை எட்டிப் பார்த்தார். கட்டங்களுக்குக் கீழே 'குறிப்பு' என்று எழுதி, இரண்டு வரி காலியாக விட்டிருந்தது.

"பாப்பா" என்றார், இந்த முறை சத்தம் போடாமல். "அந்த நம்பர நீ மாத்த வேணாம். பூஜ்யமே இருக்கட்டும். கீழ காலியா கீது பாரு, அந்த எடத்துல மட்டும் ஒரு வரி போடு. ஆறு அம்பத்தஞ்சு வரைக்கும் இருநூத்திச் சொச்சம் கூழைக்கடா இங்கதான் குந்திக்கினு இருந்துச்சு, ஒரு மடையன் வாத்த எறக்கித் தொரத்திட்டான்னு. என் பேரக்கூட எழுதிக்கோ. இதுல பொய் ஒண்ணும் இல்லியேம்மா. எழுதறியா?"