ஈரச் சத்தம்

அழுவதுதான் என் பிழைப்பு. வேற்று மொழித் தொடர்களில் எந்தப் பெண் தலையில் இடி விழுந்தாலும், டப்பிங் ஸ்டூடியோவிலிருந்து எனக்குத்தான் போன் வரும். புருஷன் ஓடிப்போன அழுகை, பிள்ளை தொலைந்த அழுகை, வெறும் பொறாமையில் வரும் அழுகை என்று எல்லாம் கைவசம் உண்டு. அப்படிப்பட்ட எனக்கே ஓர் ஆங்கில வார்த்தை தண்ணி காட்டியது.

புதுத் தொடரில் அம்மாவுக்குக் குரல் கொடுக்கவேண்டும். அழும் இடத்தில் 'ப்ளப்பர்' என்று எழுதியிருந்தார்கள். அழுகைதானே என்று அழுதேன். 'அழுகை நன்றாக இருக்கிறது, ஆனால் இது ப்ளப்பர் இல்லை' என்று தொடர் எடுத்தவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஓங்கிக் கதறிப் பார்த்தேன். அதே பதில். மூன்றாம் முறை மைக் முன்னால் நின்றபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் என்ஜினியர் மென்று விழுங்கினான்.

“அக்கா, இதுவும் சரியா வரலைன்னா குயிலுக்குக் குடுத்துடுவாங்களாம்.”

குயில் என்பது வெளியே பெஞ்சில் காத்திருந்த புதுப்பெண். தேன் குரல். எனக்கு வயிற்றெரிச்சல். இந்தத் தொடர் கைவிட்டுப் போனால் எனக்கு வேறு பெரிய வேலை எதுவும் இல்லை. அழுதேன். மறுநாள் காலை அதுவும் திரும்பி வந்தது. என்ஜினியர் கெஞ்சிக் கூத்தாடிச் சாயங்காலம் வரை அவகாசம் வாங்கினான்.

நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவள் ஆங்கில டீச்சர். அகராதி என்றால் சாப்பாட்டையே மறந்துவிடுவாள்.

“அண்ணி, திமிங்கிலக் கொழுப்புக்கும் ப்ளப்பர்னுதான் பேர், தெரியுமா?”

“நான் என்ன திமிங்கிலத்துக்கா டப்பிங் பேசறேன்? அழுகைக்கு வா.”

“வரேன், வரேன். ஆதியில இது அழுகையே இல்ல. தண்ணி குமிழி விட்டுக் கொதிக்கிறதுக்கும் நுரைக்கிறதுக்கும் சொன்ன வார்த்தை. அந்தச் சத்தத்திலேருந்தே வந்திருக்கும்ங்கறாங்க. அப்புறம்தான் மூஞ்சியெல்லாம் நனைய அழறவங்களுக்கு ஒட்டிக்கிச்சு.”

கோபம் போய் ஆவல் பிடித்துக்கொண்டது. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு இருவரும் பாத்திரத்துக்குக் காதைக் கொடுத்தோம். குமிழிகள் 'ப்ளப், ப்ளப்' என்று உடைந்தன. நாத்தனார் உதட்டைத் துருத்தி அதேபோல் செய்ய, எச்சில் தெறித்தது. அவள் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார். நானும் செய்துபார்த்தேன். மூக்கும் உதடும் எச்சிலும் சேர்ந்து கொதிக்கிற சத்தம். இது எனக்குப் புதிதே இல்லையே! நேற்றும் இப்படித்தானே அழுதேன்?

அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

“தம்பி, நேத்து நான் அழுததைப் போடு. நீ கை வைக்கிறதுக்கு முன்னாடி இருந்தது.”

“அது எதுக்குக்கா? ஒரே ஈரச் சத்தம். மூக்கு உறிஞ்சறது, எச்சில் முழுங்கறது எல்லாத்தையும் வெட்டிட்டு சுத்தமாத்தானே அனுப்பினேன்?”

குரலில் பெருமை வேறு. எங்கள் தொழிலில் நல்ல என்ஜினியருக்கு அதுதான் அடையாளம். உதடு ஒட்டிப் பிரிகிற சத்தத்தைக்கூட விட்டுவைக்கமாட்டான்.

போட்டான். இத்தனை வருஷத்தில் கழுவாத என் அழுகையை நான் கேட்டதே இல்லை. அசிங்கமாக இருந்தது. அச்சு அசல் நாத்தனார் வீட்டு அடுப்புத் தண்ணீர். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

“அனுப்பு.”

“இதையா? என் மானம் போயிடும்கா.”

“என் வேலை போறதுக்குப் பதிலா உன் மானம் போகட்டும்.”

முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினான். பதில் வரும்வரை நகம் கடித்தேன். வந்தது. 'இதேதான். அம்மா இவரே.'

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். அவனுக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

“நேத்து எதை நினைச்சுக்கா இப்படி அழுதீங்க? செத்துப்போன யாரையாவதா?”

“குயிலுக்குக் குடுத்துடுவாங்கன்னு சொன்னியேடா. வேலை போயிடுமேன்னு நெஜமாவே அழுதேன். அதைத்தான் நீ சுத்தம் பண்ணிட்ட.”