பெட்டி தூங்கிய மத்தியானம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டையே ஒரு வாரம் ஆட்டிவைத்த கறுப்புப் பெட்டியின் கதையைச் சொல்கிறேன். பேய்க்கதை இல்லை, பயப்படாமல் கேளுங்கள்.

திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் நமசிவாய குருக்கள் வீடு. விடிவதற்கு முன்னே எழுந்து குளித்துக் கோயிலுக்குப் போனால், நடை சாத்திய பிறகுதான் வீட்டுக்கு வருவார். சாப்பிட்டு ஒரு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்தாக வேண்டும், மறுபடி கோயில். ராத்திரி திரும்ப எப்படியும் பத்தரை ஆகிவிடும். அறுபத்தாறு வயசு உடம்பு அந்த இரண்டு மணி நேர மத்தியானத் தூக்கத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தூக்கம்தான் இப்போது இல்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்கால பூஜையில் தட்டு கையில் சாய்ந்து, எரிகிற கற்பூரம் படியில் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம், அர்ச்சனைக்கு வந்தவரிடம் நட்சத்திரத்தை மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கும்போது பக்கத்தில் தம்பி மகன் பிரதோஷ் நின்றிருந்தான். மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"பெரியப்பா, அடுத்த மாசம் உங்க பூஜை முறையை நான் பாத்துக்கறேனே. நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கோ. வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடுங்கோ, போறும்."

நல்ல பையன்தான். மனசில் கள்ளம் கிடையாது. ஆனால் முறையை ஒரு தடவை கைமாற்றிவிட்டால் அடுத்த தடவை கேட்பதற்கே வாய் கூசும் என்பது குருக்களுக்குத் தெரியும். "பாக்கலாம்டா" என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானம், சாதத்தைப் பரிமாறிக்கொண்டிருந்த மருமகள் அம்ருதா, அவர் மோரை ஊற்றிக்கொண்ட பிறகு ரசத்தைக் கேட்டதைக் கவனித்தாள்.

தூக்கத்தைக் கெடுத்தது அந்தக் கறுப்புப் பெட்டி. அதை வாங்கி வைத்தவன் அவள் புருஷன் கைலாஷ். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். எல்லாருடைய ஃபோன் படங்களும், வீட்டுப் பத்திரங்களின் நகல்களும் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று போன வருஷம் வாங்கினான். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். இன்டர்நெட் வயர் வருவதும் இன்வெர்ட்டர் பிளக் இருப்பதும் அப்பா படுக்கிற அறையில்தான் என்பதால் பெட்டியும் அங்கேயே, அலமாரி மேல் உட்கார்ந்தது.

முதலில் அது நாள் முழுக்க ஒரே மாதிரி முனகிக்கொண்டிருந்தது. "வண்டு புகுந்த மாதிரி இருக்குடா" என்றார் அப்பா. உடனே கைலாஷ், பத்து நிமிஷம் யாரும் அதில் எதையும் போடவோ கேட்கவோ செய்யாவிட்டால் டிஸ்க் நின்றுவிடும்படி செய்து வைத்தான். அங்கேதான் வினை. டிஸ்க் நிற்கும். அப்பா கண்ணை மூடுவார். ஐந்து நிமிஷத்தில் கர்ர்ர் என்று எழும்பி, டக் டக் என்று தட்டிவிட்டு, பத்து நிமிஷம் சுற்றி மறுபடி நிற்கும். ஓயாத சத்தத்துக்குக் காது பழகிக்கொள்ளும். நின்று நின்று வருவதற்கு எந்தக் காது பழகும்?

ஞாயிற்றுக்கிழமை குருக்கள் மனைவி லலிதாம்பாள் நேராகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். சாயங்காலம் கைலாஷ் மறுபடி செருகியதும், பெட்டி தன் உடம்பில் எங்கே அடிபட்டதென்று தானே தடவிப் பார்க்க ஆரம்பித்து, திங்கட்கிழமை மத்தியானம் வரை ஒரு நொடி ஓயவில்லை.

"அப்படியெல்லாம் பிடுங்கப்படாதும்மா. டிஸ்க் போயிடும்."

"டிஸ்க் போனா வாங்கிக்கலாம். உங்கப்பாவை எந்தக் கடையில வாங்கறது?"

அம்ருதாதான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். காலையில் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தருகிறவள், மத்தியானம் ஓய்வுதான். அறை வாசற்படியில் உட்கார்ந்து, பெட்டி எழும்பும் நேரத்தையெல்லாம் குறித்தாள். யாரும் கேட்காமல் அது எழும்பாது. கேட்பது யார் என்பதுதான் கேள்வி.

"உங்க ஃபோன்தான்" என்றாள் கைலாஷிடம். "டீ கிளாஸைக்கூட விடாம படம் எடுக்கறேள். அதெல்லாம் இங்கதானே வந்து விழறது?"

"என் ஃபோனை நேத்தே எடுத்துட்டேன் தாயே. டிவியைப் பாரு. புதுப் படம் வந்திருக்கான்னு அது பெட்டியைக் குடைஞ்சுண்டே இருக்கும்."

"டிவின்னா என்னைத்தானே சொல்றே?" என்று உள்ளேயிருந்து லலிதாம்பாளின் குரல் வந்தது. "நான் ஒரு சீரியல் பாக்கறது இந்த வீட்ல ஜாஸ்தியாப் போச்சா?"

செவ்வாய்க்கிழமை டிவியின் தொடர்பைத் துண்டித்தார்கள். சத்தம் கொஞ்சம் கம்மியானது, நிற்கவில்லை. புதன்கிழமை அம்ருதா தன் ஃபோன், லேப்டாப், மாமியார் ஃபோன் எல்லாவற்றையும் அணைத்து ஊஞ்சல்மேல் வரிசையாக வைத்தாள். கைலாஷ் ஆபீஸில். வீட்டில் கேட்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. ஒன்று இருபதுக்கு டிஸ்க் நின்றது. அம்ருதா மூச்சை விட்டாள். ஒன்றரைக்குக் கர்ர்ர்.

குருக்கள் கண்ணைத் திறக்காமல் புரண்டு படுத்தார். புரண்டபோது தலையணை நகர்ந்து, அதன் அடியிலிருந்து ஒரு வெள்ளை வயர் தெரிந்தது.

கோயிலுக்கு அவர் ஃபோன் கொண்டு போவதில்லை. மத்தியானம் படுக்கும்போதுதான் சார்ஜில் போட்டுத் தலைமாட்டில் வைப்பார். ஆடி மாதம், பெட்டியோடு இணைக்காதிருந்த பழைய ஃபோன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து படமெல்லாம் போனபோது அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. புது ஃபோனில் இனிமேல் ஒரு படமும் தொலையக் கூடாதென்று, வருகிற படத்தையெல்லாம் அப்போதைக்கப்போது பெட்டிக்கு அனுப்பும்படி செய்தது அம்ருதாவேதான். சார்ஜ் தீராமல் இருக்கட்டும் என்று, வயர் செருகியிருக்கும்போது மட்டும் அனுப்பும்படி வைத்ததும் அவள்தான்.

மெல்லப் போய் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். பக்தர்கள் அவரை ஏழெட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சேர்த்திருந்தார்கள். இங்கே மத்தியானம் ஒன்றரை என்றால் லண்டனில் காலை எட்டு. அங்கிருந்து ரோஜாப்பூ, பிள்ளையார், ஆவி பறக்கும் காபி, எல்லாம் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தன. ஒவ்வொரு வணக்கத்துக்கும் பெட்டி எழும்பியிருக்கிறது.

இரண்டு மூன்று நாளாகப் புருஷனைத் திட்டியது நினைவுக்கு வந்து அவளுக்கு முகம் சுட்டது. சொல்லாமலே சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்று மணிக்கு அவர் எழுந்து, சிவந்த கண்ணோடு முகம் கழுவிக்கொண்டு வந்தபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்பா, பெட்டியை எழுப்பினது உங்க ஃபோன். அப்படிப் பண்ணி வெச்சது நான்தான்."

குருக்கள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "படம் போனதுன்னு நான்தானே புலம்பினேன்?" என்றார். பிறகு, "லண்டன்காரா எனக்கு இவ்வளவு காலை வணக்கம் சொல்லியுமா நான் எழுந்துக்காம படுத்திருந்தேன்?"

லலிதாம்பாள் சிரித்துவிட்டாள். அம்ருதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டில் இல்லாத சாயங்கால வேளையில், நாளுக்கு ஒரே தடவை, அவர் எடுத்த படங்கள் மட்டும் பெட்டிக்குப் போகட்டும் என்று மாற்றி வைத்தாள். வாழ்த்துப் படங்கள் வேண்டாம். இரண்டு தடவை சரிபார்த்தாள்.

வியாழக்கிழமை ஒன்று பத்துக்கு டிஸ்க் நின்றது. ஒன்றரை ஆயிற்று, இரண்டாயிற்று. நோட்டில் எழுத ஒன்றும் வரவில்லை.

இரண்டரைக்குப் பிரதோஷ் வந்தான். செருப்புச் சத்தம் கேட்டதுமே லலிதாம்பாள் வாசலுக்கு ஓடி வாயில் விரலை வைத்தாள். அவன் படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி உள்ளே வந்தான்.

"பெரியப்பா என்ன சொன்னார், பெரியம்மா?" என்றான், உதட்டை மட்டும் அசைத்து.

"அவரே எழுந்து வந்து சொல்லட்டும். நீ உக்காரு."

உட்கார்ந்தான். அம்ருதாவோடு மூன்று பேரும் கூடத்தில், சன்னதியில் திரை போட்டிருக்கும்போது காத்திருப்பவர்களைப் போல, அறைக் கதவைப் பார்த்தபடி இருந்தார்கள். கதவு இடுக்கில் பெட்டியின் பச்சை விளக்குப் புள்ளி துடிக்காமல் நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குறட்டை புறப்பட்டது. முதலில் மெல்ல, பிறகு கூடமே நிறையும்படி. பிரதோஷ் கையிலிருந்த தன் ஃபோனைப் பார்த்தான். பார்த்துவிட்டு, சத்தம் வராமல் அதை அணைத்து மடியில் வைத்துக்கொண்டான்.

கேட்ட உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, உழைத்து வந்து தலைசாய்க்கிறவர்களுக்குப் படுத்ததும் கண் சொக்கட்டும். அவர்களாக எழுந்து வரும்வரை காத்திருக்க வாசலில் நாலு பேர் இருக்கட்டும்.