பக்கத்து இருக்கை

கணவன் தற்கொலை செய்துகொண்ட பிறகு அவள் அழவே இல்லை. அழுவாள், அழுதால் சரியாகிவிடுவாள் என்று சொந்தக்காரர்கள் கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவளும் போனாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக் காரில், கற்றுக்கொள்ள வருகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, "கண்ணாடியைப் பாருங்க, கிளட்ச்சை மெதுவா விடுங்க" என்று பழையபடி சொல்ல ஆரம்பித்தாள். குரல் பழைய குரல்தான். அதை யாரோ பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியாட்களிடம் மாமியார் மாரடைப்பு என்று சொல்லியிருந்தாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. வீடு இரண்டு தளம். கீழே இவள், மேலே மாமியாரும் கொழுந்தனும். மாமியார் இவளைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தாள். சாப்பிட்டாளா, தூங்கினாளா, குளியலறையில் ஏன் இவ்வளவு நேரம் என்று எல்லாவற்றுக்கும் மேலிருந்து குரல் வரும். "கதவைத் தாழ்ப்பாள் போடாதம்மா, சும்மா சாத்தி வை." அவள் சரி என்பாள். சாத்தி வைப்பாள்.

கொழுந்தனை வீட்டில் சின்னவன் என்பார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் கண்ணாடிக் கடை நடத்தினார்கள். ஜன்னலுக்கு, அலமாரிக்கு அளவெடுத்துக் கண்ணாடி வெட்டிப் பொருத்தும் வேலை. அண்ணன் கணக்காகப் பேசுவான், தம்பிக்கு வாய் ஓயாது. துக்கம் விசாரிக்க வந்தவர்களையே சிரிக்க வைத்து அனுப்பியவன் அவன். வீட்டில் அந்த ஒரு சத்தம் இருந்ததால்தான் மற்றவர்களால் அங்கே உட்கார முடிந்தது. போகிற ஒவ்வொருவரும் வாசலில் அவன் தோளைத் தட்டி, "அண்ணியைப் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நூலகத்தில் நடந்த ஒரு பயிற்சிக்கு அவள் பெயரைக் கொடுத்ததும் அவன்தான். தற்கொலை எண்ணத்தில் இருப்பவரை எப்படிக் கண்டுகொள்வது, என்ன பேசுவது, எங்கே கூட்டிப்போவது என்று தினமும் நாலு பேரோடு பழகுகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொல்லித்தருகிறார்கள் என்று நூலக வாசலில் எழுதிப் போட்டிருந்தார்களாம்.

"உங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும் அண்ணி. நானும் வரேன். டீயும் பிஸ்கட்டும் உண்டாம், விசாரிச்சுட்டேன்."

"சரி" என்றாள். வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே.

நூலகத்தின் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டது. சலூன்காரர், மருந்துக்கடை அம்மா, பஸ் கண்டக்டர் ஒருவர், பள்ளிக்கூடக் காவலாளி என்று பல தினுசாக வந்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தது மனநலப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு நர்சம்மா. தொண்டை கட்டிய மாதிரி கரகரத்த குரல்.

"தற்கொலைன்னு சொல்ல நாக்கு கூசும். கூசறதெல்லாம் இந்த ரூம்லயே கூசிட்டுப் போகட்டும்" என்று ஆரம்பித்தாள். "யாரைப் பாத்தாவது சந்தேகம் வந்தா நேராக் கேளுங்க. சாகணும்னு தோணுதான்னு கேளுங்க. கேக்கறதால இல்லாத எண்ணம் வந்துடாது. இருக்கறதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான். 'அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே?'ன்னு மட்டும் கேக்காதீங்க. அது கேள்வி இல்ல, கெஞ்சல்."

சலூன்காரர் கை தூக்கினார். "சிஸ்டர், கஸ்டமர் கழுத்துல கத்தியை வெச்சுக்கிட்டு நான் இதைக் கேட்டா அவன் பாதி தாடியோட ஓடிட மாட்டானா?"

"கத்தியைக் கீழ வெச்சுட்டுக் கேளுங்க" என்றாள் நர்சம்மா. எல்லாரும் சிரித்தார்கள். சின்னவன்தான் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தினான்.

பிறகு இரண்டு இரண்டு பேராக எழுந்து நடித்துக் காட்டச் சொன்னார்கள். ஒருவர் நொந்துபோனவர், இன்னொருவர் விசாரிப்பவர். கண்டக்டருக்கு அந்த வார்த்தை வாயை விட்டு வரவேயில்லை. "ஏதாவது... அந்த மாதிரி... கண்டபடி ஏதும்..." என்று மென்று விழுங்கிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து அண்ணியும் கொழுந்தனும். சின்னவன் நாற்காலியில் தொப்பென்று விழுந்து, தலையைத் தொங்கப்போட்டு, காதல் தோல்வி, கடையில் நஷ்டம், போதாக்குறைக்கு முன்மண்டையில் முடி வேறு கொட்டுகிறது என்று அடுக்கினான். சலூன்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். "சாகணும்னு தோணுதா உனக்கு?"

மணி என்ன என்று கேட்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் கேட்டாள். சின்னவன் நிமிர்ந்து அவளையே பார்த்தான். பிறகு, "பசிக்கிற மாதிரிதான் தோணுது அண்ணி. டீ எப்ப வரும்?" என்றான். கூட்டம் கைதட்டியது.

நர்சம்மா கைதட்டவில்லை. இடைவேளையில் அவளிடம் வந்து, "நல்லாக் கேட்டீங்க. குரல் நடுங்கவே இல்ல" என்றாள்.

"என் வீட்டுக்காரர் அப்படித்தான் போனார்."

நர்சம்மா அனுதாபமாக உச்சுக்கொட்டவில்லை. தன் போன் நம்பரைச் சொல்லி அவள் போனில் பதிந்துகொள்ளச் சொன்னாள். "உங்களுக்காக வேணும்னாலும் கூப்பிடலாம்" என்றாள். அவள் தலையாட்டினாள். வீட்டார் மாரடைப்பு என்று பேர் வைத்து மறைத்ததை வெளியாள் ஒருத்தியிடம் சொல்லிவிட்டோமே என்று நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தாள். படபடக்கவில்லை.

கடைக்கு ஒரு வேன் உண்டு. அதை அண்ணன்தான் ஓட்டுவான். அவன் போனபின் கடை வாசலிலேயே நின்றது. சின்னவனுக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் வரும். அதனால் மதியம் வேறு ஆட்கள் இல்லாத நேரத்தில் அவள் அவனுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட சாலை, லாரிகளைத் தவிர யாரும் வரமாட்டார்கள். அவன் கியர் மாற்றும்போதெல்லாம் கார் கனைக்கும். "இது வண்டியா கழுதையா அண்ணி?" என்பான். எதிரே வருகிற லாரிக்காரனுக்கு வணக்கம் வைப்பான்.

நூலகப் பயிற்சி முடிந்து சில நாள் கழித்து, ஒரு மதியம் அவன் பேசாமல் ஓட்டினான். கிளட்ச்சை மெதுவாக விட்டான், திருப்பங்களில் கார் அலுங்கவில்லை.

"இன்னிக்கு நல்லா ஓட்டறே."

"மனசு லேசா இருக்கு அண்ணி." சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "பக்கத்துக் கடைக்காரர் நம்ம கடையையும் சேத்து எடுத்துக்கறேன்னார். பேசி முடிச்சுட்டேன். வேனை நீங்க வெச்சுக்குங்க, உங்களுக்கு உபயோகமா இருக்கும். அம்மா உங்க கூடவே இருந்துடட்டும். உங்க மேல அவளுக்கு உசுரு."

"நீ எங்க போறே?"

"நான் இருந்து என்னத்தக் கிழிக்கப் போறேன்?" என்று சிரித்தான்.

அவள் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி, சுவரோரம் நின்று அணைந்தது.

"நியூட்ரல்ல போடு. ஹேண்ட் பிரேக்கை இழு."

செய்தான். இருவரும் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரில் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை.

"அன்னிக்கு லைப்ரரி மாடில ஒண்ணு கேட்டேன். நீ பதிலே சொல்லல."

"அது நாடகம் அண்ணி."

"இப்ப நாடகம் இல்ல. சாகணும்னு தோணுதா உனக்கு?"

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு லாரி கடந்து போனது. அதன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தான்.

"ஆமா அண்ணி."

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே ஏதாவது இடிந்து விழும் என்று பார்த்தாள், விழவில்லை. பதில் வந்ததும் அறிவுரை சொல்லக் கிளம்பாமல் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள் என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். மூடிக்கொண்டாள். மனசு மரத்துப்போயிருந்தது அந்த ஒரு காரியத்துக்காவது உதவியது.

அவனாகவே பேசினான். "அண்ணன் போன அன்னிக்குக் காலைல எங்கூட கடைலதான் இருந்தான். ஒரு குளியலறைக் கண்ணாடி வெட்டினோம். நான் ஏதோ சொன்னேன், சிரிச்சான். நல்லாத்தான் சிரிச்சான் அண்ணி. அப்புறம் எல்லாரும் உங்களைப் பாத்துக்கன்னு சொன்னாங்க. பாத்துக்கிட்டேன். அம்மாவைப் பாத்துக்கிட்டேன். கடைக்கு வரவனையெல்லாம் சிரிக்க வெச்சேன். வீட்டுக்கு வந்து படுத்தா..." ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான், வண்டி ஓடிக்கொண்டிருப்பது போல.

எப்போது, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா என்று கேட்டாள். சொன்னான். ஒத்திகை பார்த்தவன் மாதிரி தெளிவாகச் சொன்னான். ரொம்ப நாள் தள்ளியும் இல்லை.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க அண்ணி."

"பண்ணமாட்டேன்."

"அண்ணி, அம்மா தாங்கமாட்டா."

"நீ எங்கிட்ட கோச்சுக்கோ. பேசாமக்கூட இரு. ஆனா உன்னைத் தனியா விடமாட்டேன். இறங்கி இந்தப் பக்கம் வா, நான் ஓட்டறேன்."

அவன் இறங்கி வரும்வரை அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நர்சம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். "பக்கத்துலயே இருக்காரா? சரி. நேரா இங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. வழியில எங்கயும் இறக்கி விடாதீங்க. பேசிக்கிட்டே வரணும்னு இல்ல, கூட இருந்தாப் போதும்" என்றது கரகரத்த குரல்.

அவள் ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் அவன் கால் தன்னையறியாமல் இரண்டாவது பிரேக்கைத் தேடியது.

"அதுல காலை வைக்காத, வண்டி நின்னுடும்."

"சாரி டீச்சர்" என்றான். அதன் பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஆஸ்பத்திரி வரும்வரை சத்தமில்லாமல் அழுதான். அவள் சிக்னலில் நின்றாள், இண்டிகேட்டர் போட்டாள், திரும்பினாள்.

வராந்தாவில் இரும்பு பெஞ்சு. கட்டைவிரலில் கட்டுப் போட்ட ஒருவர் எதிரே தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் கூப்பிடும்வரை அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் திடீரென்று, "உங்களுக்குத் தோணுதா அண்ணி?" என்று கேட்டான்.

இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. தாழ்ப்பாள் போடாதே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவள் யோசித்துப் பார்த்துச் சொன்னாள். "சாகணும்னு இல்ல. எதுவுமே தோணல. கை காலெல்லாம் யாரோடதோ மாதிரி இருக்கு."

"அதையும் டாக்டர்கிட்ட சொல்லலாமில்ல?"

"சொல்றேன்."

அவனை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். மாமியாரை வரவழைத்து அவள்தான் சொன்னாள், அதே பெஞ்சில், ஒன்றையும் மழுப்பாமல்.

"இப்படியெல்லாம் வாய்விட்டுக் கேப்பாங்களாடி? நீ கேட்டதாலதான் அவனுக்கு அந்த நினைப்பே வந்திருக்கும்!" மாமியார் அவள் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"கேட்டதால வரல அத்தை. ஏற்கெனவே இருந்துது."

மாமியார் அடித்த தோளையே பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. நர்சம்மா வந்து, வீட்டில் எதையெதை அப்புறப்படுத்த வேண்டும் என்று சொன்னபோதும் அந்தப் பிடி தளரவில்லை. அவளுக்குத் தோளில் ஒரு பாரம் தெரிந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் கடை ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று சலூன்காரர் விசாரிக்க வந்தபோது மாமியார் வாசலுக்கே போய்ச் சொன்னாள். "என் பெரியவன் தற்கொலை பண்ணிக்கிட்டான். மாரடைப்பு இல்ல. சின்னவனை அதுக்காகத்தான் ஆஸ்பத்திரில வெச்சிருக்கு. கடையைக் கொஞ்சம் திறந்து வெச்சுப் பாத்துக்கறியாப்பா?" சலூன்காரர் சாவியை வாங்கிக்கொண்டு, "நான் பாத்துக்கறேன்மா" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. தெருவில் தாண்டிப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் உள்ளே வந்து, ஒன்றும் நடக்காதது போல விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கத் தொடங்கினாள்.

சின்னவன் வீடு திரும்பியபோது வேறு ஆளாக இருந்தான். மாத்திரையில் சதா தூக்கம். ஜோக்கெல்லாம் நின்றுவிட்டது. வந்தவர்களுக்கு அவனோடு எப்படி உட்காருவது என்று தெரியவில்லை, சீக்கிரம் எழுந்து போனார்கள். அவள்மேல் அவனுக்குக் கோபமும் இருந்தது. "சந்தி சிரிக்க வெச்சுட்டீங்க அண்ணி" என்று ஒருநாள் சொன்னான். கடையை அவன் விற்கவில்லை. முதலில் அரைநாள், அப்புறம் முழுநாள் என்று போக ஆரம்பித்தான். சில வாரம் சரியாகப் போகும், சில வாரம் போகாது. போகாத நாளில் மாடிப்படியில் நின்று, "இன்னிக்கு சரியில்ல அண்ணி" என்பான். அவள் மேலே போய் உட்காருவாள். டிவி ஓடும். மாமியார் துணி மடிப்பாள். அது கடந்து போகும்வரை மூவரும் அங்கேயே இருப்பார்கள்.

சலூன்காரர் அவளைப் பார்க்கிற இடத்திலெல்லாம் "உயிரைக் காப்பாத்தின புண்ணியவதி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு அவளுக்குப் பெருமையும் வரவில்லை, கூச்சமும் வரவில்லை. அவளும் அந்த டாக்டரிடம் போய்வந்துகொண்டிருந்தாள். போய் உட்கார்ந்து, ஒன்றும் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டு வருவாள்.

மழை நின்ற ஒரு காலையில் பேங்க் கிளார்க் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைப் பார்க்காமல் சட்டென்று இடப்பக்கம் ஒடித்தார். அங்கே சைக்கிளில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். இவள் கால் தானாகத் தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்தியது. சைக்கிள்காரி தடுமாறி, சமாளித்து, திட்டிக்கொண்டே போய்விட்டாள்.

"கண்ணு என்ன பிடரிலயா இருக்கு?" என்று இவள் கிளார்க்கைப் பார்த்துக் கத்தினாள். "ஒரு நொடி! ஒரு நொடி பாத்தா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

கிளார்க் வெலவெலத்துப்போனார். அவள் கதவைத் திறந்து இறங்கினாள். காது சூடாகியிருந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. கோபம். அவ்வளவு கோபம். அந்தக் கிளார்க் மேல் இல்லை. இன்னொருவர்மேல், ஒரு வார்த்தை சொல்லாமல் போனவர்மேல். ஈரமான பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், சாரி டீச்சர்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் இருங்க" என்றாள். கோபம் தணிய வெகு நேரம் ஆயிற்று. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று நின்றாள்.